நம்ம தெரு மழைத்தண்ணி எந்தக் கால்வாய்க்குப் போகுது? ஓட்டேரி நல்லாவ வெச்சு நீங்களே மேப் போடலாம்

மழை வந்தா சென்னைல எங்க பட்டாளம், புளியந்தோப்பு பக்கம் தண்ணி நிக்கறது ஊருக்கே தெரிஞ்ச கதை. டிவில காட்டுவாங்க, போட் விடுவாங்க, ரெண்டு நாள் கழிச்சு மோட்டார் வெச்சு இறைப்பாங்க. ஆனா அந்தத் தண்ணி எந்தெந்தத் தெருவுல விழுந்த மழை, எந்த வழியா இங்க வந்துச்சு, இங்கருந்து எங்க போயிருக்கணும்னு கேட்டா தெருவுல முக்காவாசிப் பேருக்குத் தெரியாது, எனக்கும் 2021 நவம்பர் வரைக்கும் தெரியாது. அந்த நவம்பர் 6 ராத்திரி ஆரம்பிச்ச மழை, விடியறதுக்குள்ள நுங்கம்பாக்கத்துல மட்டும் 20 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிடுச்சு, எங்க வீட்டுல கட்டில் கால் முழுசா முங்கிடுச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் தான் சரி இத ஒரு தடவ உக்காந்து புரிஞ்சுக்கணும்னு முடிவு பண்ணேன். மூணு மழைக்காலம் நடந்து நடந்து கத்துக்கிட்டத இங்க எழுதறேன், ஓட்டேரி நல்லாங்கற கால்வாயத் தான் உதாரணமா வெச்சுக்கறேன், ஆனா கொடுங்கையூர்லயோ வியாசர்பாடிலயோ இருக்கறவங்க அவங்க கால்வாய்க்கும் இதே மாதிரி செய்யலாம்.

முதல்ல ஓட்டேரி நல்லா எது எங்க ஓடுதுன்னு பாத்துடலாம். நல்லாங்கறது இந்தி நாலாலருந்து வந்த வார்த்த, வெள்ளக்காரன் காலத்துலருந்து ஒட்டிக்கிச்சு, ஓடைன்னு அர்த்தம். ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளம். மேற்க வில்லிவாக்கம், அண்ணா நகர் பக்கத்துலருந்து வந்து அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு எல்லாத்தையும் தாண்டி பேசின் பிரிட்ஜ்கிட்ட பக்கிங்ஹாம் கால்வாய்ல கலக்குது. கடல்ல நேரா கலக்கறதில்ல, இது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம கடற்கரை ஓரத்துல ராயபுரம் பக்கமெல்லாம் மணல் மேடு, அதுக்குப் பின்னாடி உள்ளூர்ப் பக்கம் தாழ்வு. மேற்கருந்து வர்ற தண்ணி அந்த மேட்டத் தாண்ட முடியாம தாழ்வுலயே நிக்கும், அந்தத் தாழ்வுல தான் பக்கிங்ஹாம் கால்வாய வெட்டியிருக்காங்க. 1806ல ஆரம்பிச்ச கால்வாய் அது, 1876லருந்து 78 வரைக்கும் இருந்த தாது வருஷப் பஞ்சத்துல நிவாரண வேலையா ஜனங்கள வெச்சு வெட்டி நீட்டி அப்போ இருந்த கவர்னர் பேர வெச்சாங்க. அது தெக்க போனா கூவம், வடக்க போனா எண்ணூர் முகத்துவாரம். நம்ம தண்ணிக்கு கடல் பக்கத்துலயே தெரியும், ஆனா போய்ச் சேர சுத்திக்கிட்டுத் தான் போகணும்.

இப்போ மேப் வேலைக்கு வரலாம். மழை பேஞ்சா எந்தெந்த இடத்துத் தண்ணியெல்லாம் ஒரு ஓடைக்கு வந்து சேருதோ அந்த மொத்த எடமும் அந்த ஓடையோட வடிநிலம், நீர்ப்பிடிப்பு பகுதின்னும் சொல்வாங்க. இதுல நெறைய பேர் விடற தப்பு, மொத்த ஓடைக்கும் சேத்து ஒரே தடவைல போடப் பாக்கறது. வேணாம். ஒரு புள்ளிய எடுத்துக்கோங்க, உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு பாலம் போதும், அந்தப் பாலத்துக்கு அடியில போற தண்ணி எங்கெங்கருந்து வருதுங்கறது மட்டும் தான் உங்க கேள்வி. நான் ஸ்டீபன்சன் ரோடு பாலத்த எடுத்துக்கிட்டேன். வடிநிலம்னாலே ஏதாவது ஒரு புள்ளிக்கு மேல இருக்கறது தான், பாலத்த மாத்துனா மேப்பும் மாறும்.

அப்புறம் ஒரு அடிப்படை மேப் வேணும். போன்ல சேட்டிலைட் மேப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஜெராக்ஸ் கடைல ஏ3 சைஸ்ல பிரிண்ட் போட்டுக்கோங்க, ஒண்ணு போதாது நாலஞ்சு காப்பி, ஏன்னா மழைல நனைஞ்சு போகும். நீலப் பேனால ஓடைய வரைங்க. வரையறப்போ ஒரு சிக்கல் வரும், பல எடத்துல கால்வாய் மேல ஸ்லாப் போட்டு மூடியிருப்பாங்க, சேட்டிலைட்ல தெரியாது. அதுக்கு நேர்ல நடந்து பாலத்தத் தேடணும், ரோடு லேசா ஏறி இறங்குற எடத்துல ரெண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழைய கைப்பிடிச் சுவர் நின்னுக்கிட்டிருந்தா, போஸ்டர் ஒட்டி பேனர் கட்டி என்ன பண்ணி வெச்சிருந்தாலும் சரி, அதுக்கு அடியில தண்ணி ஓடுது. இந்தச் சுவருங்கள ஒவ்வொண்ணா புள்ளி வெச்சு சேத்தீங்கன்னா மூடிக் கெடக்கற கால்வாய் மேப்ல வந்துடும்.

ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் விட்டுடாதீங்க. ஏரிக்கரைத் தெரு, மேட்டுத் தெரு, பள்ளத் தெரு, தாங்கல், குளக்கரை இதெல்லாம் சும்மா வெச்ச பேர் கிடையாது, அந்தக் காலத்து ஆளுங்க லெவல் பாத்து வெச்ச பேரு. ஓட்டேரி, ரெட்டேரி எல்லாம் பேர்லயே ஏரிய வெச்சிருக்கு. தாங்கல்னா சின்ன ஏரி, திருவொத்தியூர்ல தாங்கல்னு ஒரு பகுதியே இருக்கு. மேப்ல மேடுன்னு வர்ற பேருக்கெல்லாம் செகப்பு கலர், பள்ளம், ஏரி, குளம்னு வர்றதுக்கெல்லாம் நீலம் அடிச்சுப் பாருங்க, நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாதி உருவம் தெரிஞ்சுடும்.

இங்க நிறைய பேர் கேப்பாங்க, கூகுள் எர்த்துல கர்சர வெச்சா உயரம் காட்டுதே, அத வெச்சே போட்டுடலாமேன்னு. மலைப் பக்கம் ஊருன்னா தாராளமா போடலாம், நம்ம ஊருக்கு அது ஆகாது, ஏன்னு சொல்றேன். அந்த மாதிரி உயரக் கணக்குக்கு உலகம் பூரா அதிகமா பயன்படுத்துற டேட்டா 2000 பிப்ரவரில எண்டெவர் விண்வெளி ஓடத்துலருந்து ரேடார் வெச்சு அளந்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளியிலயும் சில மீட்டர் முன்னப் பின்ன இருக்கும், அதோட கட்டட உச்சி, மர உச்சி எல்லாம் அதுல கலந்திருக்கும். சென்னையோட சராசரி உயரமே கடல் மட்டத்துலருந்து 6.7 மீட்டர் தான். ஓட்டேரி நல்லா ஓடற 10 கிலோமீட்டர்ல மொத்தமா ஒரு ஏழெட்டு மீட்டர் இறக்கம் இருக்குன்னு வெச்சுக்கிட்டாலும், ஒரு மீட்டர் நடந்தா ஒரு மில்லிமீட்டர் கூட இறங்கறதில்ல. அந்த அளவு இறக்கத்த தப்பே சில மீட்டர் இருக்கற டேட்டாவ வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கறது? நம்ம ஊர்ல தண்ணியோட திசைய முடிவு பண்றது ஒரு ஜாண் உயரம், அத மேலருந்து பாக்க முடியாது, கீழ நின்னு தான் பாக்கணும், அதுவும் மழைல நின்னு.

அத எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க தெரு இட்லி கடை அக்கா. நான் பேப்பரும் கையுமா முழிச்சுக்கிட்டு நிக்கறதப் பாத்துட்டு இன்னா தேடறன்னு கேட்டாங்க, சொன்னேன். பாத்திரம் கழுவுன குண்டாவ எடுத்து கடைப் படிக்கு முன்னாடி ரோட்டுல ஊத்திக் காமிச்சாங்க. "இங்க பாரு தம்பி, இந்தப் படிக்கு இந்தாண்ட ஊத்துனா கோயிலாண்ட போவும், அந்தாண்ட ஊத்துனா மார்க்கெட்டாண்ட போவும், நான் கல்யாணம் ஆயி வந்ததுலருந்து இப்டித்தான்." ரெண்டு குண்டா தண்ணி, நடுவுல ஒரு முழம் கூட இல்ல, ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேற்க ஓடுச்சு. புஸ்தகத்துல மலை முகடு படம் போட்டு தண்ணி பிரியற கோடுன்னு போட்டிருப்பான், எங்க தெருவுல அந்தக் கோடு ஒரு இட்லி கடைப் படி.

அதனால மழை நடை தான் இந்த வேலைல உயிர். நல்லா சடசடன்னு ஆரம்பிச்சு முதல் பத்து இருவது நிமிஷம் தான் சரியான நேரம், அதுக்கு மேல போனா வடிகால் நிரம்பி தண்ணி எல்லாப் பக்கமும் சமமா நிக்க ஆரம்பிச்சுடும், திசை தெரியாது. பாக்கெட்ல ஒரு கவர் பொரி எடுத்துக்கோங்க, கோயில்ல குடுக்கற அதே அரிசிப் பொரி. ஒவ்வொரு தெரு முனையிலயும் ஒரு பிடி போட்டுட்டு எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்து மேப்ல ஒரு அம்புக்குறி போடுங்க. தெர்மாகோல் துண்டு, பேப்பர் எல்லாம் போடாதீங்க, அது போய் வடிகால் வாயில தான் அடைக்கும், பொரி ஊறிக் கரைஞ்சுடும். ஒரு மழைக்கு பத்து முனை பாத்தா போதும், அவசரப்படாதீங்க, அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் தான் நம்ம வருஷ மழைல பாதிக்கு மேல பெய்யுது, மழை நிறைய கெடைக்கும். வீட்டுல பிள்ளைங்க இருந்தா மாடிலருந்து அவங்களப் பாக்கச் சொல்லுங்க, எங்க பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் மாடில நின்னே ஆறு அம்புக்குறி போட்டுக் குடுத்தான், எல்லாம் சரியா இருந்துச்சு.

நடக்கறப்போ கவனமா இருங்க, இத சும்மா பேருக்குச் சொல்லல. கணுக்காலுக்கு மேல தண்ணி நின்னா உள்ள எறங்காதீங்க, மேன்ஹோல் மூடி தெறந்திருந்தா தெரியாது. ஈபி பில்லர் பாக்ஸ், தெரு விளக்குக் கம்பம் பக்கமே போகாதீங்க. கால்ல காயம் இருந்தா அந்தத் தண்ணில வைக்கவே வைக்காதீங்க, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். கால்வாய்க் கரைல எறங்கிப் பாக்கறதெல்லாம் வெயில் காலத்துல வெச்சுக்கலாம், மழைல பாலத்து மேலருந்தே பாருங்க.

அம்புக்குறி ஒரு நூறு சேந்துடுச்சுன்னா மேப்ப தரைல விரிச்சு வெச்சுப் பாருங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு அம்பு ஒண்ணுக்கொண்ணு முதுகு காட்டிக்கிட்டு நின்னா அங்க தண்ணி பிரியுது, செகப்புல புள்ளி வைங்க. புள்ளிங்கள கோர்த்துக்கிட்டே வந்தா ஒரு கோடு வரும், அது உங்க பாலத்துல ஆரம்பிச்சு சுத்தி வந்து பாலத்துலயே முடியணும், இது தான் வடிநில எல்லை. நடுவுல எங்கயாவது அந்தக் கோடு ஓடைய வெட்டிக்கிட்டுப் போச்சுன்னா ஏதோ ஒரு அம்பு தப்பு, திரும்பப் போய்ப் பாருங்க.

கோடு போட்டப்புறம் தான் நமக்கே ஆச்சரியமா இருக்கும், அது பெரும்பாலும் ரோடு மேலயும் ரயில்வே லைன் மேலயும் தான் போகும். பேசின் பிரிட்ஜ்லருந்து வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம்னு போற லைன் இருக்கே, 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துலருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் போன பாதை தான் அது. மண்ணக் கொட்டி மேடாக்கித் தான் தண்டவாளம் போடுவாங்க, அந்த மேடு அன்னிலருந்து ஒரு சின்ன மலை முகடு மாதிரி நிக்குது. லைனுக்கு வடக்க வியாசர்பாடிப் பக்கம் விழற மழை பெரும்பாலும் கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கம் போகுது, தெக்க விழறது நம்ம நல்லாவுக்கு வருது. இன்னும் தெக்க கீழ்ப்பாக்கம், பூந்தமல்லி ஹைரோட்டுப் பக்கம் போனீங்கன்னா அந்தத் தண்ணி கூவத்துக்கு. ஆனா லைன பாத்த உடனே கோடு போட்டுடாதீங்க, மேட்டுக்கு அடியில சின்னச் சின்ன கல்வெர்ட் இருக்கும், சப்வே இருக்கும், அது வழியா தண்ணி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறும். கணேசபுரம் சப்வே எதுக்கு ஒவ்வொரு மழைக்கும் மூழ்குதுன்னு யோசிங்க, மேட்டுல ஒரு ஓட்டை போட்டா தண்ணி அங்க தான் வந்து நிக்கும்.

சந்தேகமா இருக்கற எடத்துக்கு வெயில் நாள்ல லெவல் பாக்கணும். கொத்தனாருங்க லெவல் பாக்க வெச்சிருக்கற கண்ணாடி மாதிரி ட்யூப் ஹார்டுவேர் கடைல கெடைக்கும், பத்து மீட்டர் வாங்கிக்கோங்க. தண்ணி ஊத்துங்க, மஞ்சத் தூள் ஒரு சிட்டிகை கலந்தா கோடு பளிச்சுனு தெரியும். ரெண்டு நேரான குச்சி, ரெண்டுலயும் ஸ்கேல் ஒட்டி, ஒருத்தர் இந்த முனையில ஒருத்தர் அந்த முனையில நின்னு ட்யூப குச்சியோட சேத்துப் பிடிச்சா ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், இங்க ஸ்கேல்ல 92ன்னு காட்டி அங்க 98ன்னு காட்டுனா அந்த முனை 6 சென்டிமீட்டர் பள்ளம், அவ்ளோதான் கணக்கு. ஒண்ணே ஒண்ணு, ட்யூப்ல ஒரு காத்துக் குமிழி கூட இருக்கக் கூடாது. எனக்கு முதல் நாள் பூரா கணக்கு தப்பா வந்துச்சு, மத்தியானம் தான் பாத்தேன், ட்யூப் மடங்குன எடத்துல மிளகு அளவுக்கு ஒரு குமிழி ஒளிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ட்யூப நேரா தூக்கிப் பிடிச்சு விரலால சுண்டிக்கிட்டே வந்தா மேல ஏறி வெளிய போயிடும்.

எல்லை கெடைச்சா தண்ணி எவ்ளோன்னு கணக்குப் போடறது சுலபம். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 1 லிட்டர். உங்க பாலத்துக்கு மேல ஒரு சதுர கிலோமீட்டர் எடம் வந்துச்சுன்னு வைங்க, ஒரு ராத்திரில 10 சென்டிமீட்டர் பேஞ்சா 10 கோடி லிட்டர், 12,000 லிட்டர் தண்ணி லாரில சொல்லணும்னா 8,000 லாரிக்கு மேல. மண் தரையா இருந்தா கொஞ்சம் உள்ள எறங்கும், ஏரி இருந்தா கொஞ்சம் பிடிச்சு வைக்கும், இப்போ சிமெண்டும் தாருமா இருக்கறதால கிட்டத்தட்ட எல்லாமே ஒரே நேரத்துல பாலத்துக்கு வருது.

சரி பாலத்து அடில எவ்ளோ போக முடியுது? பாலத்து மேலருந்து கல் கட்டுன கயித்த எறக்கி ஆழம் பாருங்க, டேப்ல அகலம் பாருங்க, கரை ஓரமா 10 மீட்டர் அளந்து வெச்சுக்கிட்டு ஒரு சருகோ தேங்கா மட்டைத் துண்டோ போட்டு எத்தன செகண்ட்ல கடக்குதுன்னு போன்ல பாருங்க. மேல்மட்டத்துல தண்ணி வேகமாப் போகும், அடியில சேறு உராயறதால மெதுவாப் போகும், அதனால வர்ற வேகத்த 0.85ஆல பெருக்கிக்கணும். உதாரணத்துக்கு அகலம் 5 மீட்டர், ஆழம் அரை மீட்டர், 10 மீட்டரக் கடக்க 40 செகண்ட் ஆச்சுன்னா செகண்டுக்கு 530 லிட்டர் சொச்சம் போகுது, ஒரு தண்ணி லாரி நிரம்ப 23 செகண்ட். மேல போட்ட 10 கோடி லிட்டரும் இந்த வேகத்துல வடியணும்னா ரெண்டு நாளுக்கு மேல ஆகும். ஆகாயத்தாமரை அடைச்சுக்கிட்டிருக்கற நாள்லயும் தூர் வாருன பிறகும் ரெண்டு தடவ அளந்து பாருங்க, எவ்ளோ வித்தியாசம்னு நம்பரே பேசும்.

கடைசியா கடல். இத நான் ரொம்ப நாள் யோசிக்கவே இல்ல. காசிமேட்டுல மீன் வாங்கப் போனப்போ படகு கட்டிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் தான் ஏத்தம் எப்போ வத்தம் எப்போன்னு பாத்தியான்னு கேட்டாரு. கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ வத்தும், நேரம் தெனமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஏத்தம் ஜாஸ்தி, நம்ம கரைல அப்போ ஒரு மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும். ஒரு மீட்டர்ங்கறது நம்ம நல்லாவுக்கு ஒரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் மேல. அதனால ஏத்த நேரத்துல பக்கிங்ஹாம் கால்வாய்ல தண்ணி உசந்து நின்னா நம்ம தண்ணி வெளிய போகாம பின்னாடி நெட்டிக்கிட்டு வரும். நீங்களே பாக்கலாம், பேசின் பிரிட்ஜ் பக்கத்துல பாலத் தூண்ல தண்ணி தொடற எடத்த போட்டோ எடுங்க, ஆறு மணி நேரம் கழிச்சு அதே எடத்துலருந்து இன்னொண்ணு எடுங்க, ஒரு வாரம் எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும். அமாவாசையோட சேந்து கனமழை எச்சரிக்கை வந்தா பள்ளத்துல இருக்கறவங்க முன்னாடியே பண்டம் பாத்திரத்த மேல ஏத்திடுங்க, எங்க வீட்டுல இப்போ காலண்டரப் பாத்துத் தான் அரிசி மூட்டைய பரண்ல வைக்கறோம்.

மேப் ரெடியானா அத வீட்டுல மடிச்சு வைக்காதீங்க. கவுன்சிலர் கிட்ட, மாநகராட்சி வார்டு இன்ஜினியர் கிட்ட காட்டுங்க, மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கு கம்ப்ளைண்ட் பண்றப்போ எங்க தெருவுல தண்ணி நிக்குதுன்னு மட்டும் சொல்லாம இந்த முனைல வடிகால் வாய் ரோட்ட விட 5 சென்டிமீட்டர் உசரமா இருக்கு, தண்ணி உள்ள போக வழி இல்லன்னு அளவோட சொல்லுங்க, கேக்கறவங்க விதமே மாறும், இது என் அனுபவம். வடிகால் கட்டறவங்க தெருவுக்கு வந்தா ட்யூப எடுத்துக்கிட்டுப் போய் சரிவு எந்தப் பக்கம்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க.

மேப்ல தேதி போட மறக்காதீங்க. போன வருஷம் எங்க தெருவுல புது ரோடு போட்டாங்க, பழைய தாரச் சுரண்டி எடுத்துட்டுப் போடுங்கன்னு நாலு பேர் போய்ச் சொன்னோம், கேக்கல, மேலயே போட்டுட்டாங்க. அடுத்த மழைல அக்கா கடைப் படிக்கு முன்னாடி பொரி போட்டுப் பாத்தேன், ரெண்டு பிடியும் கோயில் பக்கமே போச்சு. ட்யூப் வெச்சு அளந்தா மார்க்கெட் பக்கம் 7 சென்டிமீட்டர் ஏறியிருக்கு. தண்ணி பிரியற எடம் நாலு வீடு தள்ளி இஸ்திரி கடைக்குப் போயிடுச்சு, இத்தன வருஷமா மார்க்கெட் பக்கம் போய்க்கிட்டிருந்த அந்த நாலு வீட்டு மழையும் இப்போ கோயில் பக்கத்துச் சந்துக்கு வருது, அங்க வயசான ரெண்டு பேர் தரையோட தரையா இருக்கற வீட்டுல இருக்காங்க. பழைய செகப்புக் கோட்ட அழிக்கல, பக்கத்துலயே புதுக் கோடு போட்டு தேதி எழுதி வெச்சிருக்கேன், அந்த ரெண்டு கோட்டையும் எடுத்துக்கிட்டுத் தான் இந்த வாரம் வார்டு ஆபீஸ் போறோம்.